சீசருக்கு ஒண்ணும் போடாதீங்க

போன வாரம் எங்கள் போத்தனூர் கடைவீதியில், மெடிக்கல் ஷாப்காரர் எனக்கு ஓர் அறிவுரை சொன்னார்.

வழக்கமாக நான் வாங்கும் லிவர் டானிக் பாட்டிலைப் பேப்பரில் சுற்றி நீட்டியவர், கையை விடவில்லை. ஒரு முனையை அவர் பிடித்திருக்கிறார், மறுமுனையை நான். குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தினார் என்றால்... எனக்குப் பின்னால் நின்ற மூன்று பேருக்கும் கேட்கிற அளவுக்குத்தான்.

“ஏனுங்கண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. மாசம் ரெண்டு பாட்டில் போகுதுங்களே, அந்தப் பழக்கத்தை உட்டுப்போடுங்களேன். எங்க மச்சான் ஒருத்தரு இப்படித்தானுங்க. டானிக் குடிச்சா எல்லாம் சரியாப் போயிரும்னு, சாயங்காலமானா இன்னொரு பாட்டிலையும் தொறந்துக்குவாரு.”

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. டீயைத் தவிர வேறெதையும் தொட்டறியாத என்னை, இந்த மனிதர் எட்டு மாதமாகக் குடிகாரன் என்று நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

‘நாய்க்குங்க’ என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? சொல்லவில்லை. “பாக்கறனுங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன். பின்னால் நின்ற மூவரும் வழிவிட்டார்கள். அந்த ‘பாக்கறனுங்க’ அவர்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று மொபெட்டில் பாதி தூரம் வந்த பிறகுதான் உறைத்தது.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். நேரில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராது. அதனால்தான் எழுதுகிறேன். பத்தாவதோடு படிப்பு முடிந்தது. பம்ப் செட் கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை. போல்ட்டும் வாஷரும் என்னிடம் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால் அதற்கும் பதில் சொல்ல வராது.

சரி, நாய்க்கு வருகிறேன்.

சீசர் என் நாய் இல்லை. பக்கத்து வீட்டு டீச்சரின் நாய். பொமரேனியனுக்கும் போத்தனூர்த் தெருவுக்கும் பிறந்தவன். முகத்திலும் வாலிலும் மட்டும் பணக்காரக் களை, மிச்சமெல்லாம் நம் ஆள்.

டீச்சர் தஞ்சாவூர் ஜில்லாக்காரர். அரசுப் பள்ளியில் தமிழ் டீச்சர். நாங்கள் குடியிருப்பது லைன் வீடு, வரிசையாக ஒன்பது. எனக்கும் டீச்சருக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் அவரும் அவர் அம்மாவும் சீசரும். இந்தப் பக்கம் நான். நாலு வருடம்.

பத்திரிகை வரும் நாளில் சாயங்காலம் டீச்சர் காம்பவுண்டுச் சுவருக்கு வருவார். என் பக்கத்தை மடித்துக் கையில் வைத்திருப்பார்.

“மூணு இடத்துல ஒற்று விட்டிருக்கீங்க.”

“சரிங்க டீச்சர்.”

“போன வாரமும் மூணுதான். ஒண்ணுகூடக் குறையலை.”

“குறைச்சுக்கறனுங்க.”

“விஷயம் நல்லாருக்கு.”

அவ்வளவுதான் பேச்சு. வாரத்துக்கு ஒரு நாள், இரண்டு நிமிடம். மிச்ச ஆறு நாளும் நான் அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் எழுதினேன் என்று இன்றைக்குச் சொல்லலாம். அன்றைக்கு எனக்கே தெரியாது.

போன வருடத்துக்கு முந்தின வருடம், கோடை லீவில் டீச்சருக்கு மன்னார்குடிப் பக்கம் டிரான்ஸ்பர் வந்தது. சொந்த ஊர்ப் பக்கம், சந்தோஷமான விஷயம்தானே? முதலில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்க வேண்டும், அங்கே நாய் கூடாது. “வீடு பார்த்ததும் வந்து கூட்டிட்டுப் போறேன்” என்று சொல்லி, சீசரின் சங்கிலியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு கடிதம் வரவில்லை.

முதல் மாதம், வீடு கிடைத்திருக்காது என்று நினைத்தேன். தீபாவளி நோம்பிக்கு ஒரு வாழ்த்து அட்டையாவது வரும் என்று நினைத்தேன். பொங்கலுக்கு நினைத்தேன். பிறகு கொஞ்சம் கோபம்கூட வந்தது. நாலு வருடப் பழக்கத்துக்கு ஒரு கார்டுகூடவா கிடையாது? போஸ்ட்மேன் என் முகத்தைப் பார்த்ததுமே தூரத்திலிருந்து கையை ஆட்டிவிட்டுப் போக ஆரம்பித்தார்.

ஆனால் ஒரு தைரியம் இருந்தது. சீசர் என்னிடம் இருக்கிறான். அவனைக் கூட்டிப்போகவாவது டீச்சர் ஒரு நாள் வந்துதானே ஆக வேண்டும்?

அப்படி இருக்கும்போதுதான் சீசர் சோற்றைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். மஞ்சளாக வாந்தி. கண்ணின் வெள்ளைப் பாகமும் ஈறும் மஞ்சள். வயிறு மட்டும் உப்பிக்கொண்டே வந்தது. மொபெட்டின் முன்பக்கம் கோணிப்பையை விரித்து, அதில் அவனை உட்கார வைத்துக் கோயமுத்தூர் மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். ரத்தம் எடுத்தார்கள். ஈரல் கெட்டிருக்கிறது என்றார் டாக்டர்.

டாக்டர் தென்காசிப் பக்கத்துக்காரர். வெட்டு ஒன்று துண்டு இரண்டு. லிவர் டானிக், பி காம்ப்ளக்ஸ் சிரப், வயிற்றில் கோத்த நீர் இறங்க ஒரு மாத்திரை. குழைய வேகவைத்த சோறு, புளிக்காத தயிர், வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு. எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக, நாளைக்கு ஐந்து வேளை. உப்பு கூடாது, எண்ணெய் கூடாது, எலும்பும் கறியும் கண்ணிலேயே காட்டக் கூடாது. (இது சீசருக்குச் சொன்னது. உங்கள் வீட்டு நாய்க்கு உங்கள் டாக்டரைக் கேளுங்கள். என்னைப் படித்துவிட்டு நீங்களாக ஊற்ற வேண்டாம்.)

“டானிக் பாதிதான். பத்தியம் பாதி. வெளியில ஒரு எலும்பு தின்னான்னா நீங்க ஊத்துற பாட்டிலெல்லாம் தண்டம்” என்றார்.

எனக்கு அது கஷ்டமாகத் தெரியவில்லை. என் வீட்டில் எலும்பு ஏது? நான் சமைப்பதே ரசமும் அப்பளமும்.

ஆனால் எங்கள் லைனில் மற்ற வீடுகள் இருக்கின்றனவே...

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வந்து பாருங்கள். எட்டு வீட்டிலிருந்தும் கறிக்குழம்பு வாசம் வரும். சீசருக்கு எந்த வீட்டில் எப்போது அடுப்பு இறங்கும் என்பது மனப்பாடம். டீச்சர் இருந்த காலத்திலிருந்தே அவன் லைனுக்குப் பொதுச்சொத்து.

முதல் வீட்டு ருக்குமணியக்காவிடம் போய்ச் சொன்னேன்.

“அக்கா, சீசருக்கு ஒண்ணும் வேண்டாமுங்க.”

“அட, இருக்கட்டுங்க. ஒரு வாய்தானுங்க.”

“இல்லீங்க, டாக்டரு வேண்டாம்னாருங்க.”

“டாக்டரு அப்படித்தானுங்க சொல்லுவாரு. வாயில்லாச் சீவன், வாசல்ல வந்து நிக்கறதை எப்படிங்க வெறும் வயித்தோட அனுப்பறது?”

“வேண்டாமுங்கக்கா...”

எலும்பு விழுந்தது.

வெளியூர் வாசகர்களுக்கு இது விளங்காது. எங்கள் பக்கத்தில் ‘வேண்டாமுங்க’ என்பது ஒரு மரியாதை. ஒறம்பரைக்கு, அதாவது சொந்தக்காரர் வீட்டுக்கு, விருந்தாளியாகப் போகிறோம். சாப்பிடச் சொன்னதும் வேண்டாமுங்க என்போம். இலை போட்டதும் இன்னொரு வேண்டாமுங்க. பரிமாற வரும்போது இலைமேல் குறுக்கே கையை நீட்டிக்கொண்டு மூன்றாவது. அதற்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிடுவோம். முதல் தடவையிலேயே சரி என்று உட்கார்ந்தால் அலைகிறான் என்பார்கள். முதல் வேண்டாமுங்கவோடு விட்டுவிட்டால், அந்த வீட்டுக்காரர்களுக்குக் கவனிக்கவே தெரியவில்லை என்பார்கள்.

ஆக, நான் சீசருக்காகச் சொன்ன வேண்டாமுங்க எல்லாம் மரியாதைக் கணக்கில் போய்ச் சேர்ந்தது. ‘பாவம், நாய்க்குக்கூடக் கூச்சப்படறாரு’ என்று முன்னைவிட அதிகமாகப் போட்டார்கள். கட்டிப்போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். கட்டிக் கிடக்கிறானே என்று இரக்கப்பட்டு இன்னும் அதிகம். உள்ளே வைத்துப் பூட்டினேன். ஜன்னல் வழியாக வந்தது.

ஒரு நாள் ருக்குமணியக்கா கிண்ணத்தோடு என் வாசலுக்கே வந்தார். ஆட்டு ஈரல்.

“ஈரல் கெட்டதுக்கு ஈரல்தானுங்க குடுக்கோணும். உங்க பாட்டில் தண்ணியிலயா அது குணமாவும்? உப்புக்கூடப் போடலீங்க, நீங்க சொன்னீங்கன்னு. தின்னு கண்ணு, தின்னு சாமி.”

கோபப்பட முடிகிறதா, சொல்லுங்கள். காலையில் கறிக்கடையில் முதல் ஆளாக நின்று வாங்கி வந்திருக்கிறார். நான் மூன்று தடவை வேண்டாமுங்க என்றேன். சீசர் கிண்ணத்தை நக்கிக் கழுவி வைத்தான்.

மறுநாள் எழுந்து நிற்கவில்லை.

மறுபடி கோணிப்பை, மறுபடி மாட்டாஸ்பத்திரி. டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

“என்னங்க கொடுத்தீங்க?”

“டானிக்குங்க. சிரப்புங்க. தயிர்ச்சாதமுங்க...”

சொல்லி முடிக்கவில்லை. சீசர் டேபிள் மேலேயே வாந்தி எடுத்தான். ஈரல் துண்டு துண்டாக வந்தது.

டாக்டர் அதைக் குனிந்து பார்த்தார். “தயிர்ச்சாதம் சரியா வேகலையோ?” என்றார்.

நான் தரையைப் பார்த்தேன். லைன் வீட்டுக் கதையைச் சொன்னேன்.

“உங்களுக்கு வேண்டாம்னு சொல்ல வாயில்லையா?”

“சொன்னனுங்க. ஒரு வீடு பாக்கியில்லாமச் சொன்னனுங்க.”

“எப்படிச் சொன்னீங்க? அவங்ககிட்டச் சொன்ன மாதிரியே எங்கிட்டச் சொல்லுங்க பாப்போம்.”

“வேண்டாமுங்க...”

டாக்டர் சிரித்துவிட்டார். ஊசி எடுத்து வந்த கம்பவுண்டரும் சிரித்தார்.

“இந்த ஊருக்கு வந்த புதுசு. ஒரு தோட்டத்துல மாட்டுக்கு ஊசி போடப் போயிருந்தேன். சாப்பிடச் சொன்னாங்க. வேண்டாம்னேன். அஞ்சு இட்லி வச்சாங்க. போதும்னேன், இன்னும் மூணு. எந்திரிக்கவே விடலை. எங்க ஊர்ல வேண்டாம்னா வேண்டாம்தான், தட்டை எடுத்துட்டுப் போயிருவாங்க. உங்க ஆளு எவனாவது அங்க வந்து மரியாதைக்கு வேண்டாமுங்கன்னு சொன்னா அவன் பட்டினிதான்.”

நானும் சிரித்தேன். ஊசி போட்டு, சீசரைக் கோணிப்பையில் உட்கார வைத்துக் கிளம்பினேன். உக்கடம் தாண்டும் வரைக்கும்கூடச் சிரிப்பு இருந்தது.

குறிச்சிக் குளத்துப் பக்கம் வரும்போது மொபெட்டை ஓரங்கட்டி நிறுத்த வேண்டியதாயிற்று.

டீச்சர் கிளம்பிய காலை ஞாபகம் வந்தது. டெம்போவில் பீரோ, அரிசி டிரம், மூன்று மூட்டைப் புத்தகம் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. அவர் அம்மா முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டார். சங்கிலியை என் கையில் கொடுத்துவிட்டு, டீச்சர் உடனே போகவில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

“வீடு பார்த்து அட்ரஸ் தெரிஞ்சதும் லெட்டர் போடட்டுமா?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“வேண்டாமுங்க டீச்சர். உங்களுக்கு எதுக்குங்க வீண் செரமம்.”

சொல்லிவிட்டு நின்றேன். ‘இருக்கட்டும், போடறேன்’ என்று அடுத்த வார்த்தை வரும் என்றுதான் நின்றேன். எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் வந்திருக்கும். இரண்டாவது தடவையும் வேண்டாமுங்க என்பேன். மூன்றாவது தடவை ‘சரிங்க டீச்சர்’ என்று சொல்ல மனதுக்குள் தயாராகக்கூட இருந்தேன்.

டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். “சரி” என்றார். சீசரின் தலையைத் தடவிவிட்டு டெம்போவில் ஏறினார்.

நாலு வருடம் எங்கள் ஊரில் இருந்தவருக்கு இது தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். சாப்பாட்டு இலைக்கு முன்னால் தெரிந்திருக்கும். லெட்டருக்கும் அதே கணக்கை ஒருவன் வைத்திருப்பான் என்று யார் கண்டார்கள்?

இலையில் உட்கார்ந்துகொண்டு வேண்டாமுங்க என்றவன் நான். அவர் இலையை எடுத்துவிட்டார். ஒன்றரை வருடமாக நான் அவர் மேல் கோபப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

சீசர் கோணிப்பையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தான். அவன் கண்ணில் அப்படி ஒரு மஞ்சள். இவனும் போய்விட்டால் டீச்சர் வருவதற்கு ஒரு காரணமும் மிச்சமிருக்காது என்று தோன்றியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கே நான் லைனில் இறங்கிவிட்டேன். முதல் வீடு. ருக்குமணியக்கா தட்டோடு வாசலில் நின்றார். சீசர் தள்ளாடிக்கொண்டே எனக்கு முன்னால் போய் நின்றுவிட்டான்.

“போடாதீங்க” என்றேன்.

“அட, ஒரு வாய்...”

“போடாதீங்க. போட்டா இவன் செத்துருவான்.”

வேண்டாமுங்க இல்லை, இருக்கட்டுங்க இல்லை, சிரிப்பு இல்லை. என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. அக்காவின் கை தட்டோடு அப்படியே நின்றது. எதிர்வீட்டுப் பழனிச்சாமி பேப்பரை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தார். அக்கா திரும்பி உள்ளே போய்விட்டார். அப்படியே மற்ற ஏழு வீட்டுக்கும் போய் அதே வார்த்தையைச் சொன்னேன். எட்டாவது வீட்டில், அவர்கள் வாய் திறக்கும் முன்பே சொல்லி முடித்துவிட்டேன்.

“அவருக்குக் கோவமெல்லாம் வருமுங்களா?” என்று பழனிச்சாமி யாரிடமோ கேட்டது எனக்குக் கேட்டது. “பாட்டில் வேலை செய்யுதாட்ட இருக்குது.”

கடைக்காரர் என்னிடம் சொன்னதுதான் போன வாரம். லைனுக்குக் கடைவீதிச் செய்தி அப்போதே வந்திருக்கிறது, பாருங்கள்.

அக்கா நாலு நாள் பேசவில்லை. என்னைப் பார்த்தால் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு போனார். ஐந்தாம் நாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது வழியில் நிறுத்தினார்.

“ஏனுங்க.”

“சொல்லுங்கக்கா.”

“அதுக்குத் தயிர் ஒத்துக்குமுங்களா? எங்க ஊட்டுல எருமைத் தயிருங்க, கெட்டியா இருக்கும். கேட்டுப்போட்டுப் போடலாம்னுதான்...”

“ஆடையை எடுத்துட்டுக் கொஞ்சமாப் போடுங்கக்கா.”

“எத்தனை கரண்டிங்க?”

“ரெண்டுங்க.”

“ரெண்டுன்னா ரெண்டுதானுங்களா, இல்ல மரியாதைக்குச் சொல்றீங்களா?”

“ரெண்டுதானுங்கக்கா.”

அன்றிலிருந்து மத்தியான வேளை அக்காவின் பொறுப்பு. நான் கம்பெனியில் இருக்கும்போது டானிக் ஊற்றுவதும் அவர்தான். மூடியில் அளந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஒரு சொட்டுக் கூடினால் பாட்டிலில் திருப்பி ஊற்றுவார். அப்படி ஒரு கண்டிப்பு.

மூன்று வாரத்தில் வயிறு வற்றியது. ஒரு நாள் காலை சீசர் கண்ணைப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. சந்தேகத்துக்கு வெயிலில் கூட்டிப் போய்ப் பார்த்தேன். வெள்ளைதான். காக்காயைத் துரத்தினான், பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டான். இருந்தாலும் துரத்தினான் அல்லவா?

டாக்டரிடம் காட்டினேன். சந்தோஷப்பட்டார். கிளம்பும்போது, கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். “இன்னும் எத்தனை நாளுங்க டாக்டர்?”

“பதினோரு வயசாகுது. கெட்ட ஈரல் புதுசா ஆகாது, இருக்கறதை வச்சு ஓட்டுறோம். இப்படியே பத்தியமாப் போனா ஒரு வருஷம் ஓட்டலாம். அதுக்கு மேல சொல்ல முடியாது” என்றார்.

அவர் அதைச் சொல்லி இரண்டு மாதம் ஆகிவிட்டது.

டீச்சரின் விலாசம் என்னிடம் இல்லை. இருக்காதே, நான்தான் வேண்டாமுங்க என்றேனே. பள்ளிக்கூடம் எது என்று விசாரித்து அங்கே எழுதலாம். மூன்று இன்லாண்ட் லெட்டர் எழுதவும் செய்தேன். ஸ்டாஃப் ரூமில் நாலு பேர் பார்க்க, ஓர் ஆண்பிள்ளையின் கையெழுத்தில் டீச்சருக்குக் கடிதம் வந்தால் அவரை என்ன பேசுவார்கள்? ஒட்டாமலே மடித்து வைத்துவிட்டேன்.

ஆனால் இந்தப் பத்திரிகை மன்னார்குடிக்கும் போகிறது. பஸ் ஸ்டாண்டுக் கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். முன்பின் தெரியாத ஆயிரம் பேருக்கு நடுவில் ஒருவரிடம் பேசுவது எனக்குக் கொஞ்சம் சுலபமாகவும் இருக்கிறது. மற்றவர்கள் மன்னிக்க வேண்டும், கடைசி நாலு வரி உங்களுக்கு இல்லை.

டீச்சர், சீசர் இருக்கிறான். ராத்திரிச் சோற்றுக்கு மட்டும் இன்னும் உங்கள் வீட்டுக் கதவைப் பார்த்துத்தான் உட்காருகிறான், புதிதாகக் குடிவந்தவர்கள் ஒன்றும் சொல்வதில்லை. டாக்டர் கொடுத்த ஒரு வருடத்தில் இன்னும் பத்து மாதம் பாக்கி இருக்கிறது. டெம்போ பக்கத்தில் நின்று நீங்கள் என்னை ஒரு கேள்வி கேட்டீர்கள், அதற்கு எங்கள் ஊர்ப் பதிலைச் சொல்லிவிட்டேன். உங்கள் ஊர்ப் பதில் இது.

போடுங்க.